கொழுப்பிழைய ஓமோன்களும் பிரஷரும்: ஒல்லியான கை, பருத்த வயிறு

குறிஞ்சிமலர் (ஹட்டன்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தோட்டப் பிரிவுகளில் நடக்கும் சுகாதார வகுப்புகளுக்குப் பாடக்குறிப்பு ஒன்று தயாராகிறது. பிரஷருக்குக் காரணம் என்ன என்றால் உப்பு, எண்ணெய், கவலை என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடுவதுதான் வழக்கம். இந்த முறை கொழுப்பிழையம் சுரக்கும் ஓமோன்களையும் சேர்க்க வேண்டும் என்று எண்ணம். ஆனால் நான்கு இடங்களில் தெளிவு தேவைப்படுகிறது.

லெப்டின் பசியை அடக்கும் ஓமோன் என்றுதான் உயர்தர உயிரியலில் படித்திருக்கிறோம். நல்லது செய்ய வேண்டிய அது குருதியமுக்கத்தை எப்படிக் கூட்டுகிறது?

வகுப்புக்கு வரும் பெண்களில் பலர் பார்வைக்குக் குண்டு இல்லை. கை கால் மெலிவு, பீஎம்ஐ (உயரத்துக்கேற்ற நிறைக் குறியீடு) 23, 24தான். இடுப்புச் சுற்று மட்டும் 85, 88 சென்ரிமீற்றர், பிரஷர் 150/95. “மலை ஏறி இறங்குகிறோம், உடம்பும் இல்லை, எங்களுக்கு ஏன் வருகிறது?” என்று கேட்டால் என்ன சொல்வது?

லெப்டின், அடிப்போனெக்டின் ஆகிய கொழுப்பிழைய ஓமோன்களின் அளவைக் குருதியில் பார்க்கச் சொல்லலாமா? அதில் பயன் உண்டா?

கடைசியாக, காரணம் ஓமோன் என்றால் எந்தக் குளிசை கொடுப்பது என்பதும் மாறுமா? குளிசையை முடிவு செய்வது டொக்டர்தான். ஆனாலும் கிளினிக் கொப்பியைக் காட்டி “இது எதற்கு?” என்று கேட்பவர்களுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

சிறுநீரகவழி (பேராதனை) எழுதியது:

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

1994இல் நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மனின் ஆய்வுக்குழு லெப்டினைக் கண்டறிந்தது. கொழுப்புக் கலங்கள் நிறைய நிறையக் குருதியில் லெப்டின் கூடும். அது மூளையில் ஹைப்போதலமசை அடைந்து இரண்டு காரியம் செய்கிறது. பசியைக் குறைக்கிறது, கூடவே பரிவு நரம்புகளை (ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பும் நரம்புகள்) தூண்டி உடம்பு சக்தியைச் செலவழிக்கும்படி செய்கிறது. வயிற்றுக் கொழுப்பு கூடி, லெப்டின் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் பசியை அடக்கும் பாதை மந்தமாகிவிடுகிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் பரிவு நரம்புப் பாதை அந்த அளவுக்கு மந்தமாவதில்லை. ஆகவே பசியும் அடங்குவதில்லை, நரம்புத் தூண்டலும் ஓய்வதில்லை. நன்மை செய்யும் பாதி போய், தொந்தரவு தரும் பாதி மிஞ்சுகிறது.

அந்தத் தூண்டல் சிறுநீரகத்தில் மூன்று இடத்தில் வேலை செய்கிறது. பிரஷரைக் கூட்டும் ஓமோன் சங்கிலியைத் தொடக்கிவைக்கும் ரெனின் கூடுதலாகச் சுரக்கிறது. சிறுநீரக நுண்குழாய்கள் சோடியத்தை அதிகமாக மீள உறிஞ்சுகின்றன. சிறுநீரக நாடிகள் ஒடுங்குகின்றன. முன்பு சாதாரண அமுக்கத்தில் வெளியேறிய அதே அளவு உப்பை வெளியேற்ற இப்போது கூடுதல் அமுக்கம் வேண்டியிருக்கிறது. நீடித்த உயர் குருதியமுக்கத்தின் மையம் இந்த இடம்தான். இருதயத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

இதற்கு மனிதரிடமே சான்று உண்டு. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத சிலர் மிகக் கடுமையாகப் பருத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பருமனுக்கு எதிர்பார்க்கும் பிரஷர் அவர்களிடம் இல்லை. லெப்டினின் செய்தியை மூளைக்குள் மேலே கடத்தும் மெலனோகோர்ட்டின்-4 ஏற்பி பழுதானவர்களை 2009இல் ஓர் ஆய்வு பார்த்தது. அவர்களில் 24 வீதத்தினருக்கே உயர் குருதியமுக்கம். அதே போலப் பருத்த, ஏற்பி பழுதில்லாதவர்களில் 53 வீதம். கொழுப்பின் பாரம் மட்டுமே பிரஷரைக் கூட்டுமானால் இந்த வேறுபாடு வந்திருக்காது. பாரத்துக்கும் பிரஷருக்கும் நடுவில் மூளையும் நரம்பும் நிற்கின்றன.

அடுத்தது அடிப்போனெக்டின். இதன் போக்கு விசித்திரமானது: கொழுப்புக் கலமே சுரக்கிறது, ஆனால் கொழுப்புக் கூடினால் அளவு குறைகிறது. வயிற்றுக்குள் இருக்கும் கலங்கள் பெருத்து, போதிய ஒட்சிசன் கிடைக்காமல் அழற்சிப் பொருட்களை வெளிவிடத் தொடங்கும்போது அடிப்போனெக்டின் உற்பத்தி அமுங்குகிறது. அது சாதாரணமாகச் செய்யும் வேலை, நாடிச் சுவரின் உட்படலத்தில் நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாக உதவி நாடியைத் தளர்த்துவதும், இன்சுலின் சரியாக வேலை செய்யத் துணை நிற்பதும். அது குறைந்தால் நாடி விறைக்கிறது, இன்சுலின் குருதியில் உயர்கிறது. உயர்ந்த இன்சுலினும் சிறுநீரகத்தைச் சோடியத்தைப் பிடித்துவைக்கச் செய்கிறது. பிரஷரும் சீனி வருத்தமும் ஒரே வீட்டில், ஒரே ஆளில் சேர்ந்து வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மூன்றாவது, அஞ்சியோடென்சினோஜன் என்ற புரதம். இதைப் பெரும்பாலும் ஈரல்தான் உண்டாக்குகிறது, கொழுப்பிழையமும் உண்டாக்குகிறது. ரெனின் அதை வெட்ட, பிறகு அஞ்சியோடென்சின்-2 உருவாகி நாடிகளை ஒடுக்குகிறது. சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியிலிருந்து அல்டொஸ்டிரோன் என்ற ஓமோனைச் சுரக்கவைக்கிறது. அல்டொஸ்டிரோன் மறுபடியும் சோடியத்தைப் பிடித்துவைக்கிறது. லெப்டின் நேராகவே அல்டொஸ்டிரோனைத் தூண்டுவதும் ஆய்வுகூடங்களில் காட்டப்பட்டுள்ளது.

ஓமோனைத் தவிர இன்னொன்றும் பாடக்குறிப்பில் இருக்கட்டும். சிறுநீரகத்தைச் சூழவும் அதன் குழிவுக்குள்ளும் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தை நேரடியாக அமுக்குகிறது. அதனாலும் உப்பு வெளியேற்றம் குறைகிறது. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் பரிவு நரம்பைத் தூண்டும்.

வகுப்பில் ஒரே வரியில் சொல்ல வேண்டும் என்றால்: வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு சிறுநீரகத்திடம் “உப்பை வெளியே விடாதே” என்று இரவும் பகலும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த வரியைப் பிடித்துக்கொண்டால் உப்பு ஏன், இடுப்புச் சுற்று ஏன், குளிசை ஏன் என்ற மூன்றுக்கும் பதில் சொல்லலாம்.

ஊவாக்காற்று (பண்டாரவளை) எழுதியது:

சிறுநீரகவழி டொக்டர் சொன்ன பொறிமுறை தெளிவு. “உடம்பு இல்லையே” என்ற கேள்விக்கு நான் வருகிறேன்.

தெற்காசியர்களான நமக்கு, அதே பீஎம்ஐ உள்ள ஐரோப்பியரை விடத் தசை குறைவு, உடற்கொழுப்புக் கூடுதல். அந்தக் கொழுப்பும் வயிற்றுப் பக்கமே சேர்கிறது. அடிப்போனெக்டின் அளவும் நம்மில் குறைவு. 2004இல் லான்செற் இதழில் புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யட்கினும் தங்கள் இருவரின் உடம்பையே எடுத்துக்காட்டாக வெளியிட்டார்கள். இருவருக்கும் பீஎம்ஐ 22.3. யட்கினுக்கு உடற்கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தராசில் ஏறி நின்று இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மலையகத்தில் இன்னொரு விடயமும் சேர்கிறது. நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளின் வீதம் தோட்டப் பகுதியில் நாட்டின் சராசரியை விட அதிகம். கருவில் ஊட்டம் குறைந்த பிள்ளைக்குச் சிறுநீரகத்தில் வடிகட்டும் அலகுகள் குறைவாக அமையலாம். வளர்ந்த பிறகு கொஞ்சம் நிறை கூடினாலும் அது வயிற்றில் போய்ச் சேரும் போக்கும் அதிகம். ஆகவே அந்தப் பெண்களிடம் “நீங்கள் அதிகம் சாப்பிடுகிறீர்கள்” என்ற தொனியில் ஒருபோதும் பேச வேண்டாம். அது உண்மையும் அல்ல, மரியாதையும் அல்ல.

நமக்குரிய எல்லைகள்: இடுப்புச் சுற்று பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. பீஎம்ஐ 23இலிருந்தே கவனம், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம். இன்னும் எளிதாகச் சொன்னால், இடுப்புச் சுற்று உயரத்தின் பாதியைத் தாண்டக் கூடாது. 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு 75. கணக்குத் தெரியாதவருக்கு ஒரு நூலை உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பில் சுற்றிப் பார்க்கச் சொன்னால் போதும்.

அளக்கும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. பாவாடை நாடா கட்டும் இடம் இடுப்புச் சுற்று அல்ல. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டு, இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். சேலைக் கொசுவத்தை விலக்கி, முடிந்தால் தோலின் மேலேயே. சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நேரத்தில் வாசிக்க வேண்டும்; வயிற்றை உள்ளே இழுக்க விடக் கூடாது. இரண்டு முறை அளந்து 1 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும். தையல்காரரின் பழைய துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும். அதை ஓர் அடிமட்டத்தோடு வைத்துச் சரிபார்க்காமல் பாவிக்கக் கூடாது.

பிரஷர் அளப்பதிலும் இதே கவனம் வேண்டும். மெலிந்த கைக்குப் பெரிய கப் (கையில் சுற்றும் பட்டை) கட்டினால் வாசிப்புக் குறைவாகக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய கப் கட்டினால் கூட்டிக் காட்டும். 2023இல் வந்த ஓர் ஆய்வில், சிறிய கப் தேவைப்பட்டவர்களுக்கு வழமையான கப்பைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 3.6 குறைந்தது, பெரிய கப் தேவைப்பட்டவர்களுக்கு 4.8 கூடியது, மிகப் பெரிய கப் தேவைப்பட்டவர்களுக்கு 19.5 கூடியது. அதாவது கை மெலிந்த, வயிறு பருத்த ஒரு பெண்ணுக்கு 138 என்று காட்டுவது உண்மையில் 140ஐத் தாண்டியிருக்கலாம். வழமையான கப் பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரையான கைச்சுற்றுக்கு. கப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். 22க்குக் குறைந்த கைகள் தோட்டத்தில் நிறைய உண்டு. ஒரு சிறிய கப் கட்டாயம் பெட்டியில் இருக்க வேண்டும்.

மலையிலிருந்து ஏறி வந்தவரை உடனே அளக்கக் கூடாது. 5 நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல், பேசாமல் உட்கார வேண்டும். கை மேசையில், நெஞ்சு மட்டத்தில். மடியில் வைத்தால் மேல் அளவு 4 அளவில் கூடும். தொங்கவிட்டால் 6, 7 கூடும். சாயத்தண்ணி குடித்து, புகையிலையோடு வெற்றிலை போட்டு 30 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்திருக்க வேண்டும். குளிரும் நாடிகளை ஒடுக்கும். நுவரெலியா பக்கம் மார்கழி, தை மாதக் காலையில் திறந்த மண்டபத்தில் சுவெற்றரின் கையைச் சுருட்டி மேலே இறுக்கிவிட்டு அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். கிளினிக்கில் 140/90, வீட்டில் சராசரி 135/85 என்பவையே எல்லை. 180/110ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல், கை கால் இழுப்பு ஏதும் இருந்தால் வகுப்பை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

குருதிப் பரிசோதனை பற்றி: லெப்டின் ஆண் பெண் வேறுபாட்டாலும், நாளின் நேரத்தாலும், சாப்பாட்டாலும் மாறும். இவ்வளவுக்கு மேல் போனால் பிரஷர் மருந்தை மாற்ற வேண்டும் என்று ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் இல்லை. அடிப்போனெக்டினும் அப்படியே. அந்தக் காசுக்கு சீனி, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்கலாம். 35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் சுகவாழ்வு நிலையங்களில் நிறை, இடுப்புச் சுற்று, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். எந்த நாள் என்று அப்பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள்.

மருந்துத்தட்டு (நுவரெலியா) எழுதியது:

குளிசை விடயம் என் பக்கம். மிஸ், இதைப் பாடக்குறிப்பாக மட்டும் வையுங்கள். கொப்பியில் உள்ளதை மாற்றும் வேலை கிளினிக்கினுடையது.

சிறுநீரகவழி டொக்டர் சொன்ன சங்கிலியைப் பார்த்தாலே எந்த மருந்து எங்கே வெட்டுகிறது என்று புரியும். எனலப்ரில் அஞ்சியோடென்சின்-2 உருவாவதைத் தடுக்கிறது. லொசாட்டன் அது ஏற்பியில் ஒட்டுவதைத் தடுக்கிறது. வயிறு பருத்தவர்களுக்கு, சீனியும் சேர்ந்தவர்களுக்கு, சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு இவை பொருத்தமானவை என்பது இதனால்தான். இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதில்லை. தொடங்கி 1 முதல் 2 கிழமைக்குள் கிரியட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியட்டினின் 30 வீதம் வரை கூடினால் பொறுத்துக்கொள்ளலாம், பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் உடனே டொக்டரிடம். எனலப்ரிலால் வறட்டு இருமல் வரலாம். அதைச் சளி என்று நினைத்துக் கசாயம் குடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதுப் பெண்ணிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்: எனலப்ரில், லொசாட்டன் இரண்டும் கர்ப்பத்தில் கூடாது. பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நாள் தள்ளிப்போனால் காத்திருக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் போய், மருந்தை மாற்றிக் கேட்க வேண்டும்.

அம்லோடிபின் நாடியைத் தளர்த்துகிறது. கணுக்கால் வீங்கலாம், அது உப்பும் நீரும் தேங்கியதால் வரும் வீக்கம் அல்ல என்பதால் நீர்க்குளிசையால் பெரிதாக வற்றாது. ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற நீர்க்குளிசை உப்பை வெளியேற்றுகிறது, கூடவே பொட்டாசியத்தையும். மூன்று மருந்து முழு அளவில் ஒழுங்காகக் குடித்தும் குறையாதவர்களுக்கு ஸ்பைரோனோலக்டோன் சேர்ப்பதற்கு நல்ல சான்று இருக்கிறது: 2015இல் வெளிவந்த பாத்வே-2 ஆய்வில் 25 முதல் 50 மில்லிகிராம் அளவில் அது வீட்டு வாசிப்பின் மேல் அளவை மருந்தில்லாத வெற்றுக் குளிசையை விட 8.7 குறைத்தது. அது தடுப்பது அல்டொஸ்டிரோனை. பருத்த வயிறுள்ளவர்களில் அல்டொஸ்டிரோன் கூடும் என்பதை நினைத்தால் இந்த மருந்து ஏன் கைகொடுக்கிறது என்று விளங்கும். லொசாட்டனோடு சேரும்போது பொட்டாசியம் ஏறும் ஆபத்து இன்னும் அதிகம். குருதி பார்க்காமல் தொடரவே கூடாது.

இதை விடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. கூடை சுமந்த முதுகுக்கும் முழங்காலுக்கும் டைக்குளோபினாக், இபுப்புரோபன் வாங்கி வாரக்கணக்கில் குடிப்பது. இவை உப்பைத் தேக்குகின்றன, எனலப்ரில், லொசாட்டன், நீர்க்குளிசை ஆகியவற்றின் பலனைக் குறைக்கின்றன. வலி மாத்திரை, எனலப்ரில் அல்லது லொசாட்டன், நீர்க்குளிசை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகமே திடீரெனச் செயலிழக்கலாம். “குளிசை குடித்தும் பிரஷர் இறங்கவில்லை” என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது வலி மாத்திரை பற்றி. வலிக்குப் பரசிற்றமோல், சூடு ஒத்தடம் போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால் கிளினிக்கில் கேட்கச் சொல்லுங்கள்.

குறிஞ்சிமலர் (ஹட்டன்) எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். பரிவு நரம்புதான் காரணம் என்றால் அந்த நரம்பைத் தடுக்கும் அட்டெனோலோலை ஏன் முதலில் கொடுப்பதில்லை? இன்னொன்று, “லெப்டின் குளிசை”, “வயிற்றுக் கொழுப்புக் கரைக்கும் மூலிகைத் தேநீர்” என்று முகநூலில் விளம்பரம் வருகிறது. வகுப்பிலும் கேட்கிறார்கள். சாப்பாடு பற்றியும் யாராவது தோட்டத்துச் சமையலுக்கு ஏற்ற மாதிரிச் சொல்ல முடியுமா?

தளிர் (தலவாக்கலை) எழுதியது:

குறிஞ்சி, சாப்பாட்டை நான் சொல்கிறேன். “உப்பைக் குறையுங்கள்” என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அளவாகச் சொல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக. தட்டையாக ஒரு தேக்கரண்டி. வளர்ந்தவர்கள் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 25 கிராம். இதில் மூன்றில் ஒரு பங்கு பாண், கருவாடு, பிஸ்கட், சூப் கட்டி என்று உப்புப் பைக்கற்றுக்கு வெளியிலிருந்து வந்துவிடும் என்று வைத்தால், 400 கிராம் உப்புப் பைக்கற் ஒன்று அந்த வீட்டில் 24 நாள் அளவு வர வேண்டும். பைக்கற் மேல் திறந்த திகதியைப் பேனையால் எழுதச் சொல்லுங்கள். 12 நாளில் முடிந்தால் இரட்டிப்பு என்று அவர்களே கண்டுகொள்வார்கள். எந்தப் போதனையை விடவும் இது வேலை செய்யும்.

கோதுமை மா ரொட்டிதான் நம் பக்கத்துப் பெரிய உப்பு. அரைக் கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, சம்பலுக்கு இன்னொன்று என்றால் காலைச் சாப்பாட்டிலேயே வீட்டின் 25 கிராமில் 10 கிராம் போய்விடுகிறது. ரொட்டியில் பாதியாகக் குறைத்து, தேங்காய்ப் பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கூடச் சேர்த்துப் பிசையலாம். சம்பலில் உப்புக்குப் பதில் தேசிக்காய்ப் புளியைக் கூட்டலாம். இரண்டையும் ஒரே நாளில் பாதியாக்கினால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்தால் நாக்குப் பழகிக்கொள்ளும். நெத்தலியையும் கருவாட்டையும் சுடுநீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். உப்பு கொஞ்சம் போகும், முழுதாகப் போகாது. ஆகவே அந்தக் கறிக்கு வேறு உப்பே வேண்டாம்.

சீனியைக் கணக்கில் எடுக்காமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. சாயத்தண்ணி ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் நாளைக்கு 50 கிராம், 200 கலோரி. அது வயிற்றுக் கொழுப்பாகவும் உயர்ந்த இன்சுலினாகவும் திரும்பி வருகிறது. மலையில் வேலை செய்கிறவர்களுக்குச் சக்தி வேண்டும், உண்மை. ஆனால் அதை அவித்த கடலை, கௌபி, பாசிப்பயறு ஒரு கைப்பிடியாக எடுத்தால் தசையும் தங்கும். ரொட்டியோடு வெறும் சம்பல் என்பதை விட்டுப் பருப்பும் கீரையும் சேர்ந்தால் அதே பசிக்கு ஒரு ரொட்டி குறையும்.

பொட்டாசியம் சோடியத்தைச் சிறுநீரோடு வெளியேற்ற உதவும். கரட், பீட்ரூட், லீக்ஸ், கோவா எல்லாம் நம் மண்ணில் விளைகிறது. லொறியில் கொழும்புக்கு ஏற்றிவிட்டு நாம் பாணைச் சாப்பிடுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவித்த நீரைக் கொட்டினால் பொட்டாசியமும் போய்விடும், ஆகவே குறைந்த நீரில் மூடி அவியுங்கள். பீட்ரூட்டில் நைத்திரேற்றும் உண்டு, அது உடம்பில் நைத்திரிக் ஒட்சைட்டாகி நாடியைத் தளர்த்தும். சிறுநீரக நோயாளிக்கும், ஸ்பைரோனோலக்டோன் குடிப்பவருக்கும் இந்த அறிவுரை அப்படியே பொருந்தாது. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும் அவர்களுக்குக் கூடாது.

நிறை பற்றி ஒரு நம்பிக்கையான எண்: பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் 1 கிலோ குறைந்தால் மேல் அளவும் கீழ் அளவும் ஏறத்தாழ 1 வீதம் இறங்குகின்றன, அதாவது 1 மில்லிமீற்றர் பாதரசம். 60 கிலோப் பெண் 4 கிலோ குறைத்தால் அது ஒரு குளிசையின் பாதிப் பலனுக்கு அருகில் வரும். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு நடை புதிதாகத் தேவையில்லை. ஓய்வுபெற்று லயத்தில் இருப்பவர்களுக்கும் கடை, தையல் வேலைக்குப் போனவர்களுக்கும்தான் கிழமைக்கு 150 நிமிட வேகநடை.

சிறுநீரகவழி (பேராதனை) எழுதியது:

ஒரு சிறு திருத்தம் தளிர், “1 வீதம்” என்பதை எடுத்துவிடுங்கள், குழப்பும். 1 மில்லிமீற்றர் பாதரசம் என்பதே சரி.

லெப்டினை மட்டும் குற்றவாளியாக்கி வகுப்பில் பேசிவிடவும் கூடாது. உடம்பில் கொழுப்பிழையமே மிகக் குறைவாக உள்ள லிப்போடிஸ்றொபி என்ற அரிய நோயில் லெப்டின் மிகக் குறைவு. ஆனாலும் அவர்களிடம் உயர் குருதியமுக்கம் அடிக்கடி காணப்படுகிறது. தங்க இடமில்லாத கொழுப்பு ஈரலிலும் தசையிலும் போய்ச் சேர்ந்து இன்சுலினின் வேலையை மந்தமாக்குகிறது. கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதே பெரிய கேள்வி. தொடையிலும் தோலுக்கடியிலும் உள்ள கொழுப்பு அவ்வளவு தொல்லை தருவதில்லை.

மருந்துத்தட்டு (நுவரெலியா) எழுதியது:

அட்டெனோலோல் பீட்டா ஏற்பியைத் தடுக்கிறது, ரெனின் குறையும். ஆனால் பரிவு நரம்பு சிறுநீரகத்தில் சோடியத்தை உறிஞ்சவைப்பதும் நாடியை ஒடுக்குவதும் பெரும்பாலும் அல்பா ஏற்பி வழியாக. அந்தப் பாதை திறந்தே கிடக்கிறது. அதோடு அட்டெனோலோல் நிறையை ஒரு கிலோ அளவில் கூட்டலாம், இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கலாம்; பக்கவாதத்தைத் தடுப்பதில் மற்ற மருந்துகளை விடப் பலன் குறைவு. மாரடைப்பு வந்தவர்களுக்கும் இருதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் பீட்டா தடுப்பி தேவைதான். ஆகவே கொப்பியில் அட்டெனோலோல் இருப்பவர் இதைக் கேட்டுவிட்டு வீட்டில் தானாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் எகிறி நெஞ்சுவலி வரலாம்.

லெப்டின் குளிசை என்று ஒன்று இருக்க முடியாது. அது ஒரு புரதம். விழுங்கினால் இரைப்பையில் பருப்பைப் போலச் சமித்துவிடும். மெட்ரெலெப்டின் என்ற ஊசி மருந்து 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மேலே சொன்ன லிப்போடிஸ்றொபிக்கு மட்டும். சாதாரணமாகப் பருத்தவரிடம் லெப்டின் ஏற்கெனவே மிகுதி. இன்னும் ஊற்றிப் பயனில்லை.

மூலிகைத் தேநீர், மெலிவுக் குளிசை பற்றி வகுப்பில் கொஞ்சம் கடுமையாகவே பேசுங்கள். இப்படி விற்கப்பட்ட பொருட்களில் சிபுட்ரமீன் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. பிரஷரையும் துடிப்பையும் நேராகக் கூட்டும். பசி சட்டென்று அடங்குகிறது, வாய் வறள்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் “மூலிகை வேலை செய்கிறது” என்று எண்ணாமல் அதை நிறுத்திவிட்டு, பைக்கற்றை எறியாமல் கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் அதிமதுரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் அல்டொஸ்டிரோன் கூடியது போலவே உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை இறக்கும். நீர்க்குளிசை குடிப்பவர் அதையும் சேர்த்துக் குடித்தால் பொட்டாசியம் இன்னும் கீழே போய்த் தசை சோரும், இருதயத் துடிப்புத் தடுமாறும். அப்படிப்பட்டவரின் கொப்பியில் பொட்டாசியம் கடைசியாக எப்போது பார்த்தது என்று தேடி, இல்லாவிட்டால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அனுப்பிவிடுங்கள்.